டிரம் ரூமில் கற்பூரம்

என் வாய்க்கொழுப்பைப் பற்றி எங்கள் கம்பெனியில் நிறையப் பேசுவார்கள். பேசட்டும். ஆயுத பூஜை அன்று எரிகிற கற்பூரத் தட்டைப் பிடுங்கிக்கொண்டு மழையில் ஓடியவள் என்று புதிதாக வேலைக்கு வருகிறவர்களிடம் என்னைக் காட்டுவார்கள். ஓடியது உண்மைதான். ஏன் ஓடினேன் என்பதை மட்டும் யாரும் சொல்வதில்லை. அதனால் நானே எழுதிவிடுகிறேன்.

உத்திரமேரூரிலிருந்து வேனில் கொஞ்ச நேரம் போனால் வயலுக்கு நடுவே தகர ஷெட் போட்ட கம்பெனி. முறுக்கும் மிக்சரும் அடைத்து வருகிற பிளாஸ்டிக் கவரில் படமும் எழுத்தும் அச்சடிப்பது எங்கள் வேலை. அச்சு மையை இளக்கவும், மை படிந்த உருளைகளைக் கழுவவும் பெரிய இரும்பு டிரம்களில் டொலுவீன் என்று ஒரு திரவம் வரும். பார்க்கத் தண்ணீர் மாதிரியே இருக்கும். எங்கள் ஆட்கள் வாயில் அது வெறும் தின்னர். பெயிண்ட் கடையில் விற்பதும் தின்னர், இதுவும் தின்னர், எல்லாம் ஒன்றுதான் என்று நினைப்பு. நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

முதல் மூன்று வருடம் நான் உருளை கழுவுகிற பெண்களில் ஒருத்தி. அதற்கு முன்னால் நடவும் களையெடுப்பும்தான். திருப்புலிவனத்துக்குப் பக்கத்தில் எங்கள் காலனி. என் அம்மா இன்றைக்கும் கூலிக்கு நடவு போகிறாள். நிழலில் நின்று செய்கிற வேலை கசக்குமா என்று நாங்கள் ஆறேழு பேர் கம்பெனி வேனில் ஏறினோம். பனியன் கம்பெனியில் மிஞ்சுகிற துணித்துண்டு மூட்டை மூட்டையாக வரும், அதற்குப் பனியன் வேஸ்ட் என்று பெயர். அதை டொலுவீனில் முக்கி வெறுங்கையால் உருளையைத் துடைப்போம். கையில் மை ஒட்டினால் அதே டொலுவீனில் கை கழுவுவோம். சோப்பில் போகாத மை அதில் ஒரு நொடியில் போய்விடும். தோலும் கூடவே போகிறது என்பதைச் சாப்பாட்டு நேரத்தில் குழம்பு பட்டு எரியும்போதுதான் தெரிந்துகொள்வோம்.

சாயங்காலம் வேனில் ஒருத்தியும் பேச மாட்டாள். தலை கிறுகிறுக்கும். வீட்டுக்குள் நுழைந்ததும் காரணமே இல்லாமல் எல்லார் மேலும் எரிந்து விழுவேன். நடவில் இடுப்பு ஒடிந்திருக்கிறது, ஆனால் மனுஷர் மேல் இப்படிக் கோபம் வந்ததில்லை. மூச்சு வழியாக உள்ளே போனது மூளை வரைக்கும் போய் வேலை செய்கிறது என்று எனக்கு அப்போது யார் சொன்னார்கள்?

ஒரு கிறிஸ்துமஸுக்கு முன்னால் வீட்டு ஜன்னலுக்குப் பெயிண்ட் அடித்தோம். பழைய பெயிண்டைத் துடைக்கலாம் என்று கம்பெனியிலிருந்து கொஞ்சம் டொலுவீனைத் தண்ணீர் பாட்டிலில் ஊற்றி எடுத்து வந்தேன். எல்லாரும் எடுத்து வருவதுதான். பாட்டிலை வாசற்படியில் வைத்துவிட்டு அடுப்பைப் பார்க்கப் போனேன். என் வீட்டுக்காரர் கொத்து வேலை முடித்து வந்தார். வெயிலில் காய்ந்து வந்தவர் பாட்டிலைத் திறந்து ஒரு வாய் ஊற்றிக்கொண்டார். துப்பிவிட்டார். ஆனால் தொண்டையைப் பிடித்துக்கொண்டு இருமிய இருமலில் தெருவே கூடிவிட்டது. உப்புத் தண்ணீர் கரைத்து வாந்தி எடுக்க வைக்கப் பார்த்தார்கள். அவர் வாயைத் திறக்க மறுத்ததால் பிழைத்தார் என்று பிறகுதான் புரிந்தது.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா முதலில் கேட்டது, "வாந்தி எடுக்க வச்சீங்களா?" இல்லை என்றேன். "நல்லவேளை. வாந்தியோட நுரையீரலுக்குள்ள போயிருந்தா ரொம்பக் கஷ்டமாயிருக்கும். என்ன குடிச்சார்?"

"தின்னரும்மா."

"எந்தத் தின்னர்? அதுல நூறு வகை இருக்கு. பேர் என்ன?"

எனக்குத் தெரியவில்லை. "தினமும் கையில தொடறீங்க, பேர் கூடத் தெரியாதா?" என்றார் அவர். திட்டக்கூட இல்லை, ஆச்சரியமாகத்தான் கேட்டார். எனக்கு அவமானமாக இருந்தது. பன்னிரண்டாவது வரைக்கும் படித்தவள் நான். மூன்று வருடமாக என் தோலில் ஊறுகிற ஒன்றின் பெயரை நான் படித்ததில்லை.

மறுநாள் டிரம் மேல் ஒட்டியிருந்த தாளைப் பார்த்து எழுத்து எழுத்தாக எழுதிக்கொண்டேன். நெருப்புப் படம் ஒன்று. நெஞ்சுக்குள் ஏதோ வெடித்த மாதிரி ஒரு மனுஷன் படம் ஒன்று. விவரத்தாளைப் பார்க்கவும் என்று அடியில் போட்டிருந்தது, அந்தத் தாள் எங்கே என்று சூப்பர்வைசரிடம் கேட்டேன். அவர் எங்கள் பக்கத்து நிலக்காரர் வீட்டுப் பிள்ளை. அவர்கள் வயலில் நட்டுத்தான் என் அம்மா என்னை வளர்த்தாள். கம்பெனியில் நான் அவரைச் சார் என்பேன். என் அம்மா பார்த்தால், நிலக்கார வீட்டு ஆண்களைக் கூப்பிடுகிற வழக்கப்படி, நைனா என்பாள்.

"இன்னாத்துக்கு உனக்கு? பரீட்ச எழுதப் போறியா?" என்றார். ஆனாலும் மேசை இழுப்பறையிலிருந்து எடுத்துக் கொடுத்தார். எல்லாம் இங்கிலீஷ். ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டு போய் ஒரு வாரம் உட்கார்ந்து செல்போனில் ஒவ்வொரு வார்த்தையாகத் தட்டிப் படித்தேன். படிக்கப் படிக்க எனக்கு ஆத்திரம்தான் வந்தது. நாங்கள் செய்துகொண்டிருந்த ஒவ்வொன்றையும் செய்யாதே என்று அதில் எழுதியிருந்தது. தோலில் படக் கூடாது. கர்ப்பிணிகள் பக்கத்தில் போகக் கூடாது. வாசனை தெரியவில்லை என்றால் காற்று சுத்தமாகிவிட்டது என்று நினைக்கக் கூடாது, மூக்கு பழகிப்போய்விட்டது என்று அர்த்தம். பிளாஸ்டிக் வாளியில் ஊற்றினால் ஊற்றுகிற வேகத்திலேயே மின்பொறி பிறக்கும். தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றக் கூடாது, தண்ணீர் மேல் மிதந்துகொண்டே எரியும். டிரம்களை அடுக்கி வைக்கிற எங்கள் டிரம் ரூம் வாசலில் தீயணைக்க என்று வைத்திருந்தது இரண்டு வாளித் தண்ணீர்.

அப்போது டிரம் ரூமைப் பார்த்துக்கொண்டிருந்தவர் வேலையை விட்டுப் போனார். தலைவலி வருகிற அறை என்று யாரும் வர மாட்டேன் என்றார்கள். நான் கேட்டு வாங்கினேன். வாங்கிய அன்றே வாளித் தண்ணீரை வேப்ப மரத்துக்கு ஊற்றிவிட்டு மணல் கொட்டி வைத்தேன். டிரம் மூடியைத் திறக்க இரும்பு ஸ்பானரை எடுத்துப்போட்டுப் பித்தளை ஸ்பானர் கேட்டேன், இரும்பு உரசினால் பொறி வரும். பிளாஸ்டிக் வாளி போய் இரும்பு கேன் வந்தது. டிரம்முக்கும் கேனுக்கும் எர்த் ஒயர் மாட்டாமல் ஒரு சொட்டு ஊற்ற விட மாட்டேன். செல்போன், தீப்பெட்டி எல்லாம் வாசலிலேயே வைத்துவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும். பீடி பிடிக்கிறவர்களை முகர்ந்து பார்த்து அனுப்புவேன். "பொண்டாட்டி கூட இப்டி மோந்து பாத்ததில்லம்மா" என்பார்கள். "அதான் இன்னும் பீடி புடிக்கிறீங்க" என்பேன். எனக்குத் தின்னர் மாரியாத்தா என்று பட்டம் வைத்தார்கள். ஏசுவைக் கும்பிடுகிற வேதக்காரி ஒருத்திக்கு மாரியாத்தா பட்டம் கிடைத்தது பெருமைதான்.

பெரிய சண்டை காற்று விஷயத்தில். காற்றாடி கூரைக்குப் பக்கத்தில் மாட்டியிருந்தார்கள். புகை மேலேதானே போகும் என்பது சூப்பர்வைசர் கட்சி. இது புகை இல்லை சார், டொலுவீன் ஆவி, காற்றைவிடக் கனம், தரையோடு படுத்துக்கொண்டு ஊர்ந்து போகும், எங்கேயாவது நெருப்பைத் தொட்டால் வந்த வழியே தீயாகத் திரும்பும் என்றேன். "நெருப்புன்னு சொன்னா வாய் வெந்துடுமாம்மா? சொல்லிக்கினே கீற" என்று சிரித்தார். ஆறு மாதம் தினமும் சொன்னேன். அடி மேல் அடி வைத்தால் அம்மியும் நகரும். கடைசியில் என் தொல்லை தாங்காமல் சுவரின் அடியில் திறப்பு வைத்துக் கம்பி வலை போட்டுக் கொடுத்தார். என் வீட்டுக்காரர்தான் வந்து சுவரை உடைத்தார். ஒரு வாய் குடித்தவருக்கு அந்தச் சுவர் மேல் நல்ல கோபம் இருந்தது.

இவ்வளவு செய்தும் நான் வெல்ல முடியாத ஒரு நாள் இருந்தது. அது ஆயுத பூஜைக்கு முதல் நாள்.

அன்றைக்கு மெஷினைக் கழுவுவார்கள். கழுவுவது என்றால் அபிஷேகம். சாமிக்குக் காட்டப்போகிறோமே, பளபளக்க வேண்டாமா என்று மெஷின், தரை, கதவு நிலை வரைக்கும் டொலுவீனை ஊற்றித் தேய்ப்பார்கள். வருடம் முழுக்கச் செலவாகாத அளவு அந்த ஒரு நாளில் செலவாகும். மறுநாள் காலையில் அதே மெஷினுக்குச் சந்தனம், குங்குமம், மாலை, அப்புறம் கற்பூரம். உலகத்தில் வேறு யாராவது இப்படி முதல் நாள் எண்ணெய் ஊற்றி மறுநாள் திரி கொளுத்துவார்களா என்று எனக்குத் தெரியாது. கேட்டால் ஒரே பதில்தான். "இத்தினி வருசமா ஏத்திக்கினுதான் கீறோம். இன்னா ஆயிடுச்சி?"

அந்த வருடம் முதல் நாள் மழை பிடித்துக்கொண்டது. ஷட்டரை எல்லாம் இறக்கிவிட்டார்கள். டொலுவீனில் ஊறிய பனியன் வேஸ்ட் குவியலை வெளியே மூடி போட்ட இரும்புத் தொட்டியில் போட வேண்டும் என்றேன். மழையில் யார் போவது என்று என் அறையிலேயே கொண்டுவந்து கொட்டினார்கள். கொட்டியது சரியாக அடித் திறப்பின் மேல். நான் கத்தினேன். "காலைல பாத்துக்கலாம் வா, வேன் நிக்குது" என்றார் சூப்பர்வைசர். வேன் ஹாரன் அடித்தது. விட்டால் மழையில் நடந்து போக வேண்டும். நான் அறையைப் பூட்டிக்கொண்டு வேனில் ஏறிவிட்டேன். இவ்வளவு படித்தவள், ஊருக்கு உபதேசம் செய்கிறவள், அன்றைக்கு ஏறிவிட்டேன். அது என் தப்பு.

காலையிலும் மழை விடவில்லை. அறைக் கதவைத் திறந்ததும் கண் எரிந்தது. நான்கு ஜன்னலும் சாத்தி, அடித் திறப்பும் அடைத்து, ராத்திரி முழுக்க அந்தக் குவியல் ஆவி விட்டுக்கொண்டு இருந்திருக்கிறது. கதவை அகலத் திறந்து வைத்துவிட்டு அச்சடிக்கிற ஹாலுக்கு ஓடினேன். ஷட்டரை எல்லாம் தூக்க வைத்தேன். சூப்பர்வைசரிடம் போய், "இன்னிக்கு டிரம் ரூமுக்குத் தட்டு வேணாம் சார். சந்தனம் குங்குமம் மட்டும் கதவுல வச்சிக்கலாம்" என்றேன். சென்னையிலிருந்து முதலாளி வந்திருந்தார். அவர் கார் கதவைத் திறக்கிற அவசரத்தில் சூப்பர்வைசர் "சரி சரி" என்றார். அந்தச் சரியை நம்பி நான் வேஸ்ட்டை அள்ளி வெளியே போடப் போனேன். பாதிதான் அள்ளியிருப்பேன், மணிச்சத்தம் கேட்டது.

ஹாலுக்கும் என் அறைக்கும் நடுவே ஒரு நடை. அந்தக் கோடியில் அச்சு மெஷின் ஓட்டுகிற ஆபரேட்டர் அண்ணன் வருகிறார், கையில் தட்டு, தட்டில் கற்பூரம் எரிகிறது. பின்னால் மணி அடித்துக்கொண்டு ஒருவர், அவருக்குப் பின்னால் முதலாளி, சூப்பர்வைசர், பெண்கள் எல்லாரும். இந்தக் கோடியில் என் கதவு திறந்திருக்கிறது. நடுவில் தரையில் என்ன வந்து கிடக்கிறது என்று கண்ணுக்குத் தெரியாது.

"அண்ணா, நில்லுங்க" என்றேன். மணியில் அவருக்குக் கேட்கவில்லை. எனக்கு அதற்குமேல் யோசிக்கத் தோன்றவில்லை. ஓடினேன். அவர் கையிலிருந்த தட்டை அடியோடு பிடித்து வாங்கி, நடையின் பக்கவாட்டில் இருந்த வாசல் வழியாக முற்றத்துக்குப் போய் மழையில் நீட்டினேன். கற்பூரம் சுர்ரென்று அணைந்தது. ஊதி அணைக்கவில்லை. அவ்வளவு மரியாதை எனக்குத் தெரியும்.

மணி நின்றது. முதலில் பேசியவர் ஆபரேட்டர் அண்ணன்தான். காலையிலிருந்து பச்சைத் தண்ணீர் கூடக் குடிக்காமல் பூஜை செய்தவர். "இன்னா தங்கச்சி இப்டி பண்ணிட்ட" என்றார். அவருடைய கை இன்னும் தட்டைப் பிடித்த மாதிரியே இருந்தது. அது எனக்கு வலித்தது. அன்றைக்கு வலித்தது அது ஒன்றுதான்.

சூப்பர்வைசருக்கு வேறு வருத்தம். "உங்களுக்கு எங்க சாமி ஆவாது. அத சொல்லிட்டுப் போயேன். தின்னரு, ஆவின்னு கத வுடற" என்றார், முதலாளி காதில் விழும்படி.

நான் அவர் பக்கம் திரும்பினேன். "சார், நான் ஜெபம் பண்ண மெழுகுவத்தி ஏத்திக்கினு வந்தா, அதையும் உள்ள வுட மாட்டேன். உள்ள கீறதுக்கு இந்து, கிறிஸ்டீன் தெரியாது. நெருப்பு மட்டுந்தான் தெரியும். இந்த ரூம்ல கற்பூரம் ஏத்தணும்னா டிரம்ம எல்லாம் வெளிய உருட்டுங்க. தரைய ஆற வுடுங்க. அப்புறம் நானே ஏத்தறேன்."

"எதுத்தா பேசற? உங்கம்மா எங்க வூட்டு வாசல்ல..."

"அம்மா நட்டாங்க, கூலி வாங்கினாங்க. அத இங்க இன்னாத்துக்கு சார் இழுக்கறீங்க?"

முதலாளி கையைத் தூக்கினார். அபசகுனம் ஆகிவிட்டதே என்கிற பயம் அவர் முகத்தில் தெரிந்தது. "சாவியை அவர்கிட்ட குடும்மா. ரெண்டு நாள் லீவு. திங்கட்கிழமை மன்னிப்புக் கடிதம் எழுதிட்டு வா. எழுதலைன்னா வர வேண்டாம்" என்றார். சாவியைக் கொடுத்தேன். கொடுக்கும்போதே மீதி வேஸ்ட்டை வெளியே அள்ளிப்போடச் சொன்னேன். பொரியும் சுண்டலும் கொடுத்தார்கள். அதை வாங்கிக்கொண்டுதான் வந்தேன், பண்டிகைப் பொரி என்ன பாவம் செய்தது.

வீட்டில் அம்மா புலம்பித் தீர்த்தாள். "நாலு எழுத்து எழுதிக் குடுத்துட்டா கை தேஞ்சி பூடுமா? நைனா வூட்ட பகைச்சிக்கினு இந்த ஊர்ல இருக்க முடியுமா? வேல பூட்டா திரும்ப நடவுக்குதான் வரணும், தெரியுமா?" தெரியும். நடவுக்குப் போக எனக்கு வெட்கம் இல்லை. ஆனால் என் இடத்துக்கு வருகிறவர் அந்த இங்கிலீஷ் தாளைப் படிப்பாரா? அந்த ஷெட்டில் நாற்பது பேர் இருக்கிறார்கள், அதில் எங்கள் காலனிப் பெண்கள் ஆறு பேர். அவர்கள் உட்கார்ந்து உருளை கழுவுகிற இடத்துக்கும் டிரம் ரூமுக்கும் நடுவில் ஒரே ஒரு சுவர். நான் போய்விட்டால் அந்த அறை முன்போல ஆகிவிடும். அந்த நினைப்பில்தான் எனக்கு இரண்டு நாளும் சோறு இறங்கவில்லை.

என் வீட்டுக்காரர் அதிகம் பேசாதவர். ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போய் வந்து சட்டையைக் கழற்றிக்கொண்டே, "கடுதாசி எழுது" என்றார்.

"நீயுமா?"

"எழுதுன்னுதான் சொன்னேன். மன்னிப்பு கேளுன்னு சொன்னனா? நடந்தத எழுது."

எழுதினேன். திங்கட்கிழமை காலையில் முதலாளி அறையில் நீட்டினேன். சூப்பர்வைசர் பக்கத்தில் நின்றார். முதலாளி சத்தமில்லாமல் படித்தார். அதில் இருந்தது இதுதான்:

"ஐயா, ஆயுத பூஜை அன்று டிரம் ரூமுக்கு வந்த கற்பூரத் தட்டை நான் பிடுங்கினேன். முதல் நாள் டொலுவீனில் நனைந்த வேஸ்ட்டை அந்த அறையில் கொட்டினார்கள். அதைத் தடுக்காமல் வேன் ஏறியது என் தவறு. அறையில் எட்டு டிரம் வைக்கத்தான் நம் லைசென்ஸில் அனுமதி. அன்று இருபத்து மூன்று டிரம் இருந்தன. அவற்றில் ஏழு காலி டிரம். உள்ளே ஆவி மட்டும் இருப்பதால் அவை நிறைந்த டிரம்மை விட ஆபத்து. தட்டு ஏந்தி வந்த அண்ணன் மனம் நோகும்படி நடந்ததற்கு அவரிடம் மன்னிப்புக் கேட்கிறேன். தட்டைப் பிடுங்கியதற்கு யாரிடமும் மன்னிப்புக் கேட்க மாட்டேன். அடுத்த வருடம் வந்தால் அடுத்த வருடமும் பிடுங்குவேன்."

கீழே தேதி போட்டுக் கையெழுத்தும் போட்டிருந்தேன்.

"இதுல டிரம் கணக்கெல்லாம் எதுக்கும்மா?" என்றார் முதலாளி.

"நடந்தத எழுதணும் இல்ல சார்."

சூப்பர்வைசர் இதை விடுவதாக இல்லை. ஆபரேட்டர் அண்ணனைக் கூப்பிட்டு அனுப்பினார். "நீங்க சொல்லுங்க. பூஜைய கெடுக்கணும்னே பண்ணாளா இல்லியா?" என்று கேட்டார். பூஜை நாளுக்குப் பிறகு அண்ணன் என் முகத்தைப் பார்க்கவில்லை. இப்போதும் பார்க்கவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"எனக்கு மனசு ஆறல சார். ஆனா நடையில வரும்போதே கண்ணு எரிஞ்சிச்சி. கற்பூரப் புகைன்னு நெனச்சேன். தட்டு போன பொறவும் எரிஞ்சிக்கினே இருந்திச்சி." தன் கையைப் பார்த்தார். "இத்தினி வருசமா அந்தத் தட்ட நான்தான் தூக்கிக்கினு போறேன். முதல்ல நான்தான் எரிஞ்சிருப்பேன்."

முதலாளி என் கடிதத்தை இன்னொரு முறை படித்தார். டிரம் கணக்கு இருந்த இடத்தில் அவர் விரல் நின்றது. பிறகு அதை நான்காகக் கிழித்துக் குப்பைக்கூடையில் போட்டார். "இந்தக் கடிதம் ஃபைல்ல இருக்க வேண்டாம். நீ எழுதலை, நான் பார்க்கலை" என்றார்.

"பரவால்ல சார், மனப்பாடமா கீது" என்றேன். "இன்னொண்ணு எழுதித் தரட்டுமா?"

அவர் நிமிராமல் சூப்பர்வைசரிடம், "சாவியைக் குடுத்துடுங்க" என்றார். சூப்பர்வைசர் சாவியை மேசை மேல் வைத்தார். நான் எடுத்துக்கொண்டேன். போகலாம் என்று முதலாளி கையைக் காட்டினார். நான் போகவில்லை.

"எட்டு போவ மிச்சம் பதினஞ்சு டிரம் எப்ப சார் வெளிய போவும்?" என்று கேட்டேன்.